ஒரு பிரிவுப் பாடல்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் அயல்நாட்டுக் காதற்பாட்டு எதற்கு என்று சிலர் கருதக்கூடும். சற்றே பொறுத்துக் கேட்டால் தொடர்பு விளங்கும்.

1961-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பீட்டர் யாரோ, பால் ஸ்டூக்கி, மேரி டிராவர்ஸ் என்னும் மூவர் நாட்டுப்பாடற் குழு ஒன்றை அமைத்தனர். இரண்டு கிதார்களும் மூன்று குரல்களுமே அவர்தம் செல்வம். 1963 ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலையும் விடுதலையும் வேண்டிக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வாஷிங்டனில் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அந்நிகழ்ச்சியில், வெள்ளையரான இம்மூவரும் உரிமைக்காகப் பாடினர். உரிமையைப் பாடிய அதே நாவே பின்னர்க் காதலின் பிரிவையும் பாடிற்று.

‘லீவிங் ஆன் எ ஜெட் பிளேன்’ என்பது அப்பாட்டின் பெயர். ஜெட் விமானத்தில் புறப்படுதல் என்பது பொருள். 1966-இல் இதனை இயற்றியவர் ஜான் டென்வர் என்னும் இளைஞர். விடியும் வேளை, பெட்டிகள் கட்டியாயிற்று, வாடகை வண்டி வாயிலில் நிற்கிறது. உறங்கும் துணையிடம் விடைபெற வேண்டும். மீளும் நாளோ தெரியாது. அன்பின் இனிமையும் பிரிவின் கசப்பும் இதில் ஒன்றாய்க் கலந்துள்ளன.

மூவர் குழு இதனை 1967-இல் இசைத்தட்டில் பதிந்தது. 1969-இல் தனித்தட்டாக வெளிவந்து, அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கப் பாடற்பட்டியலில் முதலிடம் எய்தியது. அக்குழு முதலிடம் பெற்ற பாட்டு இஃதொன்றே. அது வியட்நாம் போர்க்காலம். அவ்வாண்டில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அங்கிருந்தனர். பாட்டில் போர் என்ற சொல்லே இல்லை. எனினும், மகனையும் காதலனையும் வழியனுப்பிய மக்கள் அதனைத் தம் பாட்டாகவே கொண்டனர்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இயற்றியவர் ஆண், பிரிந்து செல்பவனும் ஆண். மீண்டு வருகையில் மணமோதிரம் கொண்டு வருவதாக அவன் வாக்களிக்கிறான். மேரி பாடும்போதோ, மீண்டு வந்து அம்மோதிரத்தை அணிவதாகச் சொல்கிறாள். மாறியது ஒரு சொல்லே. ஆயினும் புறப்படுபவள் பெண்ணாகிவிட்டாள்! அவள் குரலில் அழுகை இல்லை. அமைதியான உறுதி இருக்கிறது. ஆடவர் இருவரும் பல்லவியில் துணைக்குரலாக நிற்கின்றனர். பாட்டுக்குப் பொருள் தருபவர் எழுதியவர் மட்டுமல்லர், பாடுபவரும் கேட்பவருமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் தொல்காப்பியமும் பிரிவின் வகைகளைக் கூறுகிறது. கல்விக்காகப் பிரிதலை ஓதற்பிரிவு என்று வகுத்து, அஃது உயர்ந்தோர்க்கு உரியது என்றும் வரம்பிட்டது. அக இலக்கியத்தில் பிரிந்து போகிறவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி. அவ்வரம்பின்படி, படிக்கப் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு அப்பிரிவில் இடமில்லை. நம் பெண்மக்களுக்கோ அறவே இடமில்லை!

அவ்வரம்பை இன்று உடைப்பவர் யார்? தகரப் பெட்டியோடு விடுதிக்குப் பேருந்தேறும் நம் சிறுமியே! பிள்ளையை வழியனுப்பத் தாய்க்கு மனம் வராது. பெட்டியைப் பிடித்த கை நடுங்கும். அது குற்றமன்று. ஆனால் அந்நடுக்கத்திற்காக மகளின் படிப்பை நிறுத்திவிடுதல் பெருங்குற்றம்.

தாய்மார்களே, கண்ணீரோடேனும் வழியனுப்புங்கள். தந்தையரே, அண்ணன்மாரே, அவ்விரு ஆடவரைப் போல் துணைக்குரலாக நில்லுங்கள். மாணவியரே, போய்ப் படித்து மீண்டு வாருங்கள். நம் ஓதற்பிரிவை நம் குரலிலேயே பாடுவதும் உங்கள் கடன்.