காலில்லாத உறவு



சலமந்தர் என்னும் பிராணியைப் பற்றி நூல்களிற் படித்திருப்பீர்கள். பார்வைக்குப் பல்லி, பிறப்பால் தவளைக்கு உறவு. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைப் பாசியிலும் அதனைத் தேடிக் காண்பார்கள். டார்ஜிலிங் மலைப்புறக் குளங்களிலும் அது உண்டு. இலங்கையிலோ ஒன்றேனும் இல்லை. பதுளையில் எத்தனை ஓடைக் கல்லைப் புரட்டினாலும் அது அகப்படாது. ஆனால், காலே இல்லாத வேறோர் உறவு நம் காலடி மண்ணிலேயே வாழ்கின்றது.

விஞ்ஞானிகள் அதனை இக்தியோபிஸ் என்பர். இந்நாட்டில் அறியப்பட்டவை மூன்று இனங்கள். மூன்றும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. தோட்டத்திற் கண்டவரோ பாம்பென்பர். சொல்லி முடிக்குமுன் மண்வெட்டி விழுந்துவிடும். பேரறிஞர் லின்னேயஸே 1758ஆம் ஆண்டில் இதனைப் பாம்புகளோடு சேர்த்து எழுதினார் என்றால், கான் வெட்டும் தொழிலாளியைக் குறை கூறுவது எங்ஙனம்?

பாம்புக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிதன்று. ஒரு முழத்துக்கும் குறைந்த நீளம், வழுவழுப்பான ஈரத்தோல், உடல் முழுதும் நெருங்கிய வளையங்கள். பிளவுபட்ட நாக்கு இல்லை. பெரும்பாலும் அகப்படும் இனத்துக்கு விலாவில் மஞ்சட் கோடு ஒன்று ஓடும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே சிறு உணர்கொம்பு உண்டு. அதனைக் கொண்டே இருளில் மண்புழுவையும் கறையானையும் தேடி உண்ணும்.

இதன் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்தவர்கள் போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் இருவர். 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கினார்கள். பின்னர் 1907இல் நமது ஊவாவின் நில்கலைக் குகையிற் கற்கால ஆயுதங்களை அகழ்ந்தெடுத்தவர்களும் இவர்களே. அவர்கள் கண்டது வியப்பானது. நீரோரத்து ஈரமண்ணிலே வளை தோண்டி, முட்டைகளைத் தன் உடலாற் சுற்றிக்கொண்டு தாய் காவல் கிடக்கின்றது! முட்டைக்குள்ளே குஞ்சுக்கு இறகு போன்ற பூக்கள் உண்டு; அவை வெளிவரும்போது உதிர்ந்துவிடும். பின் அது ஓடையில் இறங்கி நீந்தி வளர்ந்து, உருமாறிய பின்னரே நிலத்துக்கு மீளும்.

ஆகவே இதற்கு மண்ணும் வேண்டும். அருகே நீரும் வேண்டும். 2014ஆம் ஆண்டின் இறுதியில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டதை அடுத்துப் பண்டாரவளைப் பகுதியில் ஊற்றுகளும் கிணறுகளும் வற்றின. குடிநீருக்கு மக்கள் பட்ட பாட்டை யாவரும் அறிவோம். ஓடைக் குஞ்சுகளை எண்ணியவர் எவர்?

தேட விரும்பும் மாணவர்கள் பெருங்காட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. மழைக்குப் பின் லயத்து உரக்குழி, வாழையடி, பீலிக்கரைச் சேறு, உக்கிய மரத்தின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். மண்வெட்டியால் ஓங்கி வெட்டாமற் சிறிது சிறிதாகக் கிளறுங்கள். கையை நனைத்துக்கொண்டு தூக்குங்கள். உலர்ந்த கை அதன் தோலுக்கு ஆகாது. முட்டையைச் சுற்றிய தாயைக் கண்டால் தொடவே வேண்டாம்; எடுத்த மண்ணை மெல்ல மூடிவிட்டு, அடுத்த வாழைக்குச் செல்லுங்கள்.