படகின் அறையும் படகின் திண்ணையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடல் மட்டத்திற்கு மேல் 500 மீட்டர் உயரத்தில், பாறையும் ஆலையும் சூழ்ந்த இக்குஷாய்குடாவில், கடற்படகைப் பற்றிப் பேச வேண்டுவது என்னை என்று சிலர் எண்ணக்கூடும். தொழில் நாடி இங்குக் குடியேறிய தமிழர் நாம். ஆயினும் கடலோடு நமக்குள்ள உறவு அறுந்துவிடவில்லை. நம் நகரின் நடுவே உள்ள ஹுசேன் சாகரில் பிள்ளைகள் பாய்மரப் படகு பயில்வதைக் காண்கின்றோம். இந்நகரின் மகளாகிய ஐஸ்வர்யா பொத்தபதி, 2017-18ஆம் ஆண்டில் ‘தாரிணி’ என்னும் கடற்படைப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய அறுவருள் ஒருவர். அதே படகில் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் கோவாவினின்று புறப்பட்டு, 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் திரும்பிய இருவருள் ஒருவர், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. மற்றவர் கேரளத்துத் தில்னா. ஆதலின், இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனோ சிறுமியோ நாளை ஒரு சிறு படகுக்கு உரிமை பூண்டு கடலில் செல்லக்கூடும். அன்று எழும் முதற் கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொண்டோம். படகில் அறை பெரிதாக இருக்க வேண்டுமா? திறந்த இடம் பெரிதாக இருக்க வேண்டுமா?

நெடுவழி செல்லும் சிறு பாய்மரப் படகில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மேலே கூரையிட்ட அறை. உண்பதும் உறங்குவதும் சமைப்பதும் கடல் வரைபடத்தை விரித்துப் பார்ப்பதும் அங்கேதான். மற்றொன்று, பின்னணியத்தை ஒட்டி வானம் பார்த்துக் கிடக்கும் பள்ளம். சுக்கான் பிடிப்பவரும் பாய்க் கயிறு இழுப்பவரும் அமருமிடம் அது. காக்பிட் என்பது அதன் பெயர். வீட்டை உவமையாகக் கொண்டால், முன்னது உள்ளறை; பின்னது திண்ணை.

இவ்விரண்டிற்கும் இடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. 30 அடி நீளமுள்ள படகை எடுத்துக்கொள்வோம். அணியத்தின் கூரிய மூலை நங்கூரத்திற்கும் கயிற்றிற்கும் போய்விடும். எஞ்சிய நீளத்தையே அறையும் காக்பிட்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். திண்ணைக்கு ஓர் அடி கொடுத்தால், உள்ளே அடுக்களையோ படுக்கையோ ஓர் அடி குறையும். பாகப் பிரிவினையில் இருவருக்கும் முழுச் சொத்தைக் கொடுக்க இயலுமோ?

திண்ணையின் வழக்கை முதலிற் கேட்போம். நம் நாட்டுக் கடல் வெப்பக் கடல். பகலில் மூடிய அறைக்குள் அமர்ந்திருப்பது கொதிகலத்துள் அமர்வதை ஒக்கும். நங்கூரமிட்டு நிற்கும்போது, காக்பிட்டின் மேல் துணி விதானம் கட்டி, காற்று வர அமர்வதே இன்பம். குடும்பத்தார் கூடி உண்பதும் குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான் நிகழும். பாய்களைக் கையாளுவோர் ஒருவர் மேல் ஒருவர் முட்டாது இயங்கவும் இடம் வேண்டும். பக்க இருக்கை ஆறரை அடி நீளமிருந்தால் இரவில் அதுவே கட்டிலாகும். காலையிற் புறப்பட்டு மாலையில் துறை சேரும் பயணத்திற்குப் பெரிய காக்பிட்டே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

இனி, மறுபக்கம் கேட்போம். கடல் சீறும்போது பின்னிருந்து எழும் அலை காக்பிட்டை நிரப்பிவிடும். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் உள்ள பள்ளம் ஒரு கன மீட்டர் நீரைக் கொள்ளும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1,025 கிலோ. பதினைந்து ஆட்கள் ஒரே நொடியில் பின்னணியத்தில் ஏறி அமர்ந்தால் படகு என்ன ஆகும்? பின்புறம் தாழும், சுக்கானுக்கு அடங்காது, நீர் வடியுமுன் அடுத்த அலை வந்து ஏறும். காக்பிட் சிறிதாகவும், வடிகுழாய்கள் பெரியனவாகவும், அறையின் வாயிற்படி உயரமாகவும் இருந்தால் இவ்விடர் குறையும். நம் முன்னோரின் கட்டுமரத்தில் அறையுமில்லை, பள்ளமுமில்லை. ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே வழிந்தோடிவிடும். நீர் தங்க இடமின்மையே அதன் காவல்.

இங்கே ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1963-64ஆம் ஆண்டுகளில் பம்பாயில், நம் நாட்டுத் தச்சர் கைகளால் தேக்கு மரத்திற் கட்டப்பட்ட 32 அடிப் படகு ‘சுஹைலி’. இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1968ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அதில் தனியே புறப்பட்டு, எங்கும் துறை சேராது உலகைச் சுற்றி, 312 நாட்கள் கழித்து 1969 ஏப்ரல் 22இல் கரை சேர்ந்தார். அப்போட்டியில் இறங்கிய ஒன்பதின்மருள் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. சுஹைலியின் காக்பிட் மிகச் சிறியது. ஆயினும் தென்கடலில் அலையொன்று அப்படகைப் புரட்டியபோது, அறையின் சுவர் தளத்தோடு சேரும் விளிம்பில் விரிசல் கண்டது. அறை பெயர்ந்திருந்தால் தளத்தில் பெருந்துளை விழுந்து படகு மூழ்கியிருக்கும். இதிலிருந்து நாம் அறிவது யாது? காக்பிட்டைச் சுருக்கிவிட்டதனால் மட்டும் படகு காக்கப்படுவதில்லை. அறை உயரமாக எழும்ப எழும்ப, காற்றும் அலையும் மோதும் சுவரும் பெரிதாகின்றது. நிமிர்ந்து நிற்க ஆறடி உயரம் வேண்டும் என்று சிறு படகின் கூரையை உயர்த்துவோர், இவ்விலையையும் எண்ண வேண்டும்.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஃபாஸ்ட்நெட் என்னும் படகுப் போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. நடுவழியில் புயல் தாக்கியது. போட்டியாளர் பதினைவர் உயிரிழந்தனர். ஆட்கள் கைவிட்ட 24 படகுகளில் மூழ்கியவை ஐந்தே. ஏனையவை பின்னர் மிதந்துகொண்டிருக்கக் கண்டனர். வாய் மூடிய குடம் நீரில் அமிழ்வதில்லை. கதவடைத்த அறையும் அத்தகையதே. அதன் பின்னரே, அறை வாயிலை அடைக்கும் பலகைகள் கழன்று விழாதபடி பூட்டப்பெற வேண்டும் என்பது எங்கும் வலியுறுத்தப்பட்டது. ஆகவே, அறையின் அளவைக் காட்டிலும் அதன் அடைப்பே முதன்மையானது.

உறக்கத்தையும் மறத்தலாகாது. இருவர் செல்லும் படகில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்குவர். மூன்று நான்கு மணிக்கொரு முறை மாறுவர். உறக்கமற்றவர் கணக்கிற் பிழை செய்வர். கடலிற் பிழை உயிரைக் கேட்கும். ஆறு பேர் படுக்கலாம் என்று விற்போர் கூறும் படகில், ஓடும் கடலில் உண்மையாக உறங்கத்தக்க படுக்கை இரண்டோ மூன்றோதான். அணியத்திலுள்ள படுக்கை அலையோடு எழுந்து விழும். ஊஞ்சலும் அவ்வளவு ஆடாது! படகின் நடுவே, தாழ்வாக, ஒடுக்கமாக, உருண்டு விழாதபடி துணித்தடுப்புக் கட்டிய படுக்கையே நல்லது. அகன்ற அறை, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத அறையாயின், அதுவும் தீங்கே.

இவ்வழக்கைத் தீர்க்கப் படகு வல்லுநர் சில வழிகள் கண்டனர். காக்பிட்டைப் படகின் நடுவே வைத்துப் பின்னால் தனியறை அமைப்பது ஒன்று. பெரிய படகிற்கு அது பொருந்தும். 30 அடிப் படகிலோ வீட்டை இரு துண்டாக்கியது போலாகும். காக்பிட்டின் இருக்கைக்கு அடியே உள்ளிருந்து படுக்கையை நீட்டுவது மற்றொன்று. திண்ணையின் அடியிலும் அறை நுழைவது அது. பொருள் வைக்கும் பெட்டி ஒன்று குறையும். ஆனால் நல்ல படுக்கை ஒன்று கிடைக்கும். சிறு படகிற்கு இதுவே சிறந்த சமரசம் என்பது நம் கருத்து.

ஆகவே, படகு தேடும் இளைஞர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்க. எந்தக் கடலில், எந்தப் பருவத்தில் செல்கின்றோம்? எத்தனை இரவுகள் கரை காணாது கழிப்போம்? நம்முடன் வருவோர் எத்துணைப் பேர்? கரையோரம், நற்பருவம், பகற்பயணம் என்றால் திண்ணையைப் பெரிதாக்குக. ஆழ்கடல், பல இரவு, இரண்டே ஆட்கள் என்றால் திண்ணையைச் சுருக்கி, அறையை அளவாகவும் உறுதியாகவும் அமைத்துக்கொள்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எழும் வங்கக் கடலை நம்பி, விருந்துக்கென்று அமைத்த பெருந்திண்ணைப் படகில் புறப்படாதீர்கள். துறையில் நிற்கும்போது காணும் அழகு வேறு. நள்ளிரவில் அலைநடுவே வேண்டும் காவல் வேறு.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கடலுக்குச் செல்ல விரும்பினால் தடுக்காதீர்கள். படகில் எத்தனை பேர் அமரலாம் என்று கேட்பதற்கு முன், அலை ஏறினால் நீர் எவ்வழி வடியும், அறைக்கதவு எவ்வாறு அடையும், விழித்துக் களைத்தவர் எங்கே உறங்குவார் என்று கேளுங்கள். அவற்றிற்குத் தெளிவான விடை கூறும் பிள்ளையை மகிழ்ச்சியோடு வழியனுப்புங்கள்.