பிறர் சமயம் கேட்டறிதல்
(அரியாங்குப்பத்தில் கும்பாபிஷேக விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது ஊர் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை அறியாதார் இலர். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது உரோமானிய மட்கலங்களும் சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. அருகன்மேடு என்பதே அரிக்கமேடு என மருவிற்று என்று கூறுவாரும் உளர். அருகன் என்பது சமணர் வணங்கும் கடவுளின் திருப்பெயர். பல நாட்டாரும் பல சமயத்தாரும் வந்து பழகிய மண்ணிலே நாம் வாழ்கின்றோம்.

பிற சமயத்தாரோடு சமயம் பற்றி உரையாடினால் நம் பக்தி தளர்ந்துவிடுமோ என்னும் ஐயம் அன்பர் சிலருக்கு உண்டு. அவ்வையத்துக்கு விடையாக மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் வரலாற்றில் ஒரு பகுதியை இங்கே விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

ஐயரவர்கள் திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட சிவபக்தர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முனிசீப், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று அவரை வினவினார். புராணங்களையும் பிரபந்தங்களையும் மிகுதியாகக் கற்றிருந்த ஐயர் அந்நூலைக் கற்றதில்லை. அது திருத்தக்கதேவர் இயற்றிய சமண காப்பியம். அதில் ஈடுபட்டிருந்த சோழ மன்னனின் மனத்தைச் சிவகதைக்குத் திருப்பவே சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளினார் என்பது சைவ மரபு. அத்தகைய நூலைச் சைவர் ஒருவர் ஆராயப் புகுந்தார்.

நச்சினார்க்கினியர் உரை கையிலிருந்தும், சமணக் கோட்பாடுகள் வரும் இடங்கள் விளங்கவில்லை. ஐயர் என் செய்தார்? தெரிந்ததுபோலப் பொருள் புனைந்தாரில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். மாணாக்கர்போல இருந்து கேட்டார். ஏடாகத் தாம் கண்ட சிந்தாமணி அவ்வில்லங்களிலே பாராயண நூலாக உயிர்பெற்று விளங்குவதையும் அறிந்தார். அச்சமணரும், நம் சமயத்தை மறுத்த மரபினர் ஆயிற்றே என்று கதவடைக்கவில்லை. ஐயங்களை அன்போடு தீர்த்தனர். அவரது ஆர்வங்கண்டு, முத்தி பெறத் தக்க உயிர் என்னும் பொருளில் ‘பவ்ய ஜீவன்’ என்று பாராட்டினர். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது.

பின்னர் மணிமேகலைக்கு வந்தபோது வேறொரு துன்பம் நேர்ந்தது. அது பௌத்த நூல். சமணரைக் கேட்டதுபோலக் கேட்கத் தமிழ்நாட்டில் பழைய பௌத்த குடும்பங்கள் இல்லை. கல்லூரியில் உடனிருந்த ரங்காசாரியர் ஆங்கில நூல்களைக் கொண்டு விளக்க, அவ்வுதவியால் தெளிந்து 1898ஆம் ஆண்டில் மணிமேகலையை வெளியிட்டார். தமிழ்க் காப்பியம் ஒன்றின் பொருளறிய ஆங்கில நூல்களை நாட வேண்டியதாயிற்று! கேட்டுச் சொல்வார் அருகியபோது, நம் மொழியின் சொற்களே நமக்குப் புதியன ஆகிவிடுகின்றன. அயலார் சமயம் அழிந்தால் நமக்கென்ன என்று இருப்பார்க்கு இது நல்லதோர் அறிவுரையன்றோ?

இத்தனை உரையாடல்களாலும் ஐயரவர்களின் சிவபக்தி குறைந்ததா? இல்லை. நெற்றியிலே திருநீறு துலங்க, 1942ஆம் ஆண்டில் மறையும் வரையிலும் சிவபக்தராகவே வாழ்ந்தார். வேர் ஆழச் சென்ற மரம் காற்றுக்கு அஞ்சுவதில்லை.

எனினும் எல்லா உரையாடலும் பயன் தருவதன்று. வெல்ல வேண்டும் என்று தொடங்கும் பேச்சு வாதமாகிப் பகையில் முடியும். அறிய வேண்டும் என்று தொடங்குவதே கேள்வியறிவாகும். ஐயர் தமக்குத் தெரியாதது இன்னதென்று தெளிந்து, அதனை அறிந்தார் இல்லத்துக்கே சென்று, அவர்கள் கூறியதை அவர்கள் கருத்தாகவே எழுதினார். தம் சமயத்தை அதில் ஏற்றவுமில்லை, அவர்கள் சமயத்தை இகழவுமில்லை. இம்முறையே நமக்கும் உரியது.

அன்பர்களே! நம் ஊரில் மாதா கோயிலும் இருக்கின்றது. அண்டை வீட்டார் நோன்பிருக்கும்போது அதன் கருத்தென்ன என்று அன்போடு கேளுங்கள். அவர்கள் நம் கும்பத்தையும் யாகசாலையையும் பற்றிக் கேட்டால் பொறுமையோடு கூறுங்கள். கூற இயலாத இடத்தில் நாமே நம் பெரியோரிடம் சென்று கற்போம். பிறர் கேட்கும் கேள்வியால் நம் சமயம் நமக்கு இன்னும் தெளிவாகும்.

கோபுரம் ஓங்குக! திருப்பணி செய்தார் குலம் தழைக்க இறைவன் திருவருள் முன்னிற்க!