எழுதியது எழுதியபடி இருக்கிறதா?

ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மில் பெரும்பாலோர்க்கு இன்று இரயில் பயணச் சீட்டும், வைப்பு நிதிக் கணக்கும், பெற்றோர் அனுப்பிய ஒளிப்படமும் காகிதத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் சுழன்றுகொண்டிருக்கும் காந்த வட்டுகளில் அவை உள்ளன. அவ்வட்டுகள் நம்பத்தக்கனவா என்று சோதித்தறியும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

தனி வட்டு ஒன்று என்றேனும் பழுதுபடும். ஆதலின் பல வட்டுகளை ஓர் அணியாகக் கட்டும் 'ரெய்டு' முறையை, 1988ஆம் ஆண்டில் பெர்க்லிப் பல்கலைக் கழக அறிஞர்களான பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் விரித்துரைத்தனர். அதன் உட்பொருள் எளிது. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் நான்கு ஏடுகளில் தனித்தனியே எழுதிவைத்தால், எந்த ஏடு தொலைந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதை மீட்கலாம். இரண்டு தொலைந்தால் மீட்சி இல்லை. எண்ணை மாற்றிய பின், கூட்டுத்தொகையை மாற்றுமுன் மின்சாரம் நின்றுவிட்டாலோ, கணக்கு பொய்யாகிவிடும். ஒரு வட்டு பழுதாகும் நாள்வரை அந்தப் பொய் வெளிப்படாமலும் இருக்கலாம்.

அணியின்மேல் அமர்ந்து, எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது கோப்பு முறைமை. அலுவலகக் கோப்புகளோடு உழலும் நமக்கு, கணிப்பொறிக்கும் அதே சொல் வாய்த்ததில் வியப்பில்லை. அங்கும் கோப்பு காணாமற் போகிறது! நம் ஊர்க் கடைக் கணக்கர் முதலில் சிட்டையில் குறித்துப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது போலவே, தற்காலக் கோப்பு முறைமைகள் பலவும் செய்யப்போவதை முன்னரே குறித்துக்கொள்கின்றன. இடையே மின்சாரம் நின்றால், சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்யலாம். ஆயின், சிட்டை உண்மையாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். வட்டினுள்ளே விரைவுக்காகச் சிறு தற்காலிக நினைவகம் ஒன்று உண்டு. செய்தி அங்கு வந்து சேர்ந்தவுடனேயே, 'எழுதியாயிற்று' என்று வட்டு சொல்லிவிடக்கூடும். அக்கணம் மின்சாரம் நின்றால், சிட்டையும் இல்லை, பேரேடும் இல்லை.

இக்குறைகள் ஓய்வாக இயங்கும் அணியில் எளிதில் தோன்றுவதில்லை. ஆகவே தேர்ந்தவர்கள் புதிய அணியில் அருமையான பொருள் எதையும் வையாமல், பொய்ச் செய்திகளால் நாட்கணக்கில் நிரப்பிப் பளுவேற்றுகின்றனர். நடுவே மின் இணைப்பைத் துண்டிக்கின்றனர். ஓடும்போதே ஒரு வட்டை உருவியும் பார்க்கின்றனர். அப்போது நேரும் விபத்துகளுள் ஒன்று விந்தையானது. மலிவான வட்டு, படிக்க இயலாத ஓரிடம் எதிர்ப்பட்டால், பல விநாடிகள் விடாது முயன்றுகொண்டிருக்கும். அணியின் கட்டுப்பாட்டுப் பொறிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வட்டு செத்தது என்று தள்ளிவிடும். அதன் இடத்தில் புதிய வட்டை நிரப்புவதற்கோ, எஞ்சிய வட்டுகள் அனைத்தையும் முற்றாகப் படிக்க வேண்டும். அந்தப் பளுவில் இன்னொரு வட்டு தயங்கும். அதையும் தள்ளினால் அணி முழுதும் கவிழும். உயிரோடிருந்த இரண்டைப் பிணமென்று எண்ணியதால் வந்த கேடு இது!

அணி கவிழ்ந்தால் இழப்பு உடனே தெரிகிறது. கவிழாமலே எழுத்து மாறிவிட்டால்? நம் எண்ணத்தில் இதுவே பெரிதும் அஞ்சத்தக்கது. ஜெனீவாவை அடுத்த செர்ன் அணு ஆய்வு நிலையத்தார் 2007இல் வெளியிட்ட அறிக்கை இதற்குச் சான்று. 3000க்கு மேற்பட்ட கணிப்பொறிகளில், இரண்டு மணிக்கொரு முறை ஏறத்தாழ 2 கிகாபைட் அளவுள்ள கோப்பை எழுதி, மீண்டும் படித்து ஒப்பிடும் நிரலை ஓடவிட்டனர். சுமார் ஐந்து வாரங்களில் 100 பொறிகளில் 500 பிழைகள் அகப்பட்டன. அவற்றுள் 100க்கு 80 பங்கு, 64 கிலோபைட் கொண்ட துண்டுகளாகக் கெட்டிருந்தன. வட்டின் உள்நிரலும் கட்டுப்பாட்டுப் பொறியும் ஒத்துப்போகாமையே அவற்றிற் பலவற்றுக்குக் காரணம் எனக் கண்டு, ஏறத்தாழ 3000 வட்டுகளின் உள்நிரலை மாற்றினர்.

2005இல் வெளிவந்த 'இசட் எப் எஸ்' என்னும் கோப்பு முறைமை, ஒவ்வொரு துண்டுக்கும் உரிய சரிபார்ப்பு எண்ணை வேறிடத்தில் எழுதிவைத்து, படிக்குந்தோறும் ஒப்பிடுகிறது. எவரும் படிக்காத துண்டு கெட்டதை அது எங்ஙனம் அறியும்? அதற்காகவே பல நிலையங்களில் அணி முழுவதையும், மாதத்துக்கொரு முறை போலக் கால அளவு வகுத்துக்கொண்டு, தலைமுதல் கடைவரை பொறியே படித்துப் பார்க்குமாறு ஏற்பாடு செய்திருக்கின்றனர்.