தண்டவாளத்திற்கு ஜாதி உண்டா?

1927-ம் வருஷத்தில் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் பாதை போடப்பட்டது. ஜாதி பார்த்து டிக்கெட் விலை வைக்கவில்லை. ஆனால் தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் சாப்பாட்டு விடுதிகளில் மாத்திரம் பிராமணருக்குத் தனியிடம் இருந்து வந்தது. நாம் கிளர்ச்சி செய்த பிறகே 1941-ல் அது ஒழிந்தது.

2004-ல் நமது ஒரு மீட்டர் பாதை 1.676 மீட்டர் அகலப் பாதையாயிற்று. சந்தோஷமே. ஆனால் பாதை அகலமானால் மாத்திரம் போதுமா? நம் கிராமங்களில் புதிதாக ரோடு போடும்போது, அது சேரித் தெரு வரை போகிறதா, ஊர்த் தெருவோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் கிராம சபையில் எழுந்து காரணம் கேளுங்கள். வரிப்பணம் எல்லோருடையதுமாகும்.