பாறைமேல் ஓர் ஊர்

நான் வரலாறு கற்பித்த நாட்களில், போர் நடந்த ஆண்டை எல்லோரும் தவறாமல் சொல்வார்கள். போருக்குப் பின் அவ்வூர் என்னாயிற்று என்று கேட்டவர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடையாக ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில், செங்குத்தான பாறையின்மேல் அமைந்தது அனாவதோஸ். அதன் வீடுகளும் கல்லால் ஆனவை. தொலைவிலிருந்து நோக்கினால் பாறை எது, வீடு எது என்று பிரித்தறிவது அரிது. பகைவர் எளிதில் ஏற முடியாத இடம் அது.

1821-இல் உதுமானியப் பேரரசை எதிர்த்துக் கிரேக்கர் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே உதுமானியப் படை கியோஸில் பல்லாயிரவரைக் கொன்றது. பல்லாயிரவரை அடிமைகளாக விற்றது. அனாவதோஸும் தப்பவில்லை. தீவு கண்ட அக்கொடுமையைப் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1824-இல் ஓவியமாகத் தீட்டினார்.

எஞ்சியவர்கள் மீண்டும் ஊரில் குடியேறினார்கள். 1881-இல் பெரும் நிலநடுக்கம் தீவைக் குலுக்கியது. அதன்பின் ஊர் மெல்ல மெல்ல வெறுமையுற்றது. 1912-இல் கியோஸ் கிரேக்கத்தோடு இணைந்தது. ஆயினும் அனாவதோஸ் பழைய நிலையை அடையவில்லை. இன்று அங்கு வாழ்வோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

ஊரை எழுப்பப் பல தலைமுறைகள் உழைக்கவேண்டும். மாணவர்களே, 1822 என்னும் எண்ணைப் பாடநூலில் காணும்போது, கூரையிழந்து நிற்கும் அந்த வீடுகளையும் நினைத்துப் பாருங்கள்.