மணி ஒலிக்கட்டும், சன்னல் திறக்கட்டும்!

(ஆசிரியர், பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாடகக்காரனை அழைத்து நோயைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் பேசு என்கிறீர்கள். மருத்துவம் கற்றவனல்லன் நான். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். 'ஒரு மாதம் போகட்டும், திரும்பிச் செல்வோம்' என்றுதான் வெளியே வந்தேன். மாதம் ஆண்டாயிற்று, ஆண்டு பத்துக்கு மேலாயிற்று. கல்லூரி அங்கேயேதான் இருக்கிறது. கதவும் திறந்தேதான் கிடக்கிறது. திரும்பிச் செல்லும் கால்கள்தாம் எனக்கு இல்லாமற் போயின. நின்ற படிப்பின் வலி இன்னதென்று பேசும் தகுதி மட்டும் எனக்குண்டு. அந்தத் தகுதியோடு பேசுகிறேன்.

2020 மார்ச் 11இல் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது உலக நல நிறுவனம். அம்மாதமே தமிழகத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. மூடியது பிழையா? பிழையென்று சொல்லமாட்டேன். நோயின் வழி தெரியாது. தடுக்கும் ஊசி கிடையாது. கூரை பற்றி எரிகையில் குழந்தையை வெளியே தூக்குவதுதான் தாயின் முதல் வேலை.

ஆனால், தோழர்களே, எது எப்போது திறந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2020 மே 7இல், சென்னை நீங்கலாக, மதுக்கடை திறந்தது. நீதிமன்றம் தடுத்தது, அதே மாதத்தில் மீண்டும் திறந்தது. நவம்பர் 10இல் பாதி இருக்கைகளோடு திரையரங்கு திறந்தது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் 2021 ஜனவரி 19இல்தான் மணி அடித்தது. அரிச்சுவடி எடுக்கவேண்டிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கோ 2021 நவம்பர் 1 வரை கதவு திறக்கவில்லை! திரையரங்கு திறந்ததில் எனக்கு வருத்தமில்லை. கலையால் வாழ்பவன் நான். ஆனால் வரிசையில் குழந்தை கடைசியில் நின்றதே, அது எந்த நீதி?

'கைப்பேசியில் பாடம் வந்ததே, கல்வித் தொலைக்காட்சி இருந்ததே' என்பர். இருந்தன; இல்லாத வீட்டை எண்ணிப் பார்த்தோமா? ஒரு வீடு, ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு தந்தை வேலைக்குப் போய்விட்டால், பாடம் யாருக்கு? அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வழங்கினார்கள், நன்று. ஆயினும் பள்ளியில் தட்டேந்தி, பந்தியில் அமர்ந்து, பக்கத்துப் பிள்ளையோடு உண்ணும் சூடான சோற்றுக்கு அது ஈடாகுமா?

'அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு திற என்கிறாயா?' என்று கேட்கலாம். இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு பள்ளியைத் திற என்கிறேன்!

தொடக்கத்தில் கையைக் கழுவு, மேசையைத் துடை என்றார்கள். நல்லவைதாம். ஆனால் அடைபட்ட அறையின் காற்றில் இந்நோய்க் கிருமி மிதந்து பரவும் என்பதை 2021இல் உலக நல நிறுவனமும் வெளிப்படையாக எழுதியது. காற்றால் வரும் நோய்க்குக் காற்றோட்டமே காவல்.

இது புதிய பாடமா? 1908இல், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், காசநோய் அச்சத்துக்கு நடுவே ஒரு பள்ளி கண்டார்கள். சுவர் இருந்த இடத்தைப் பெரும் சன்னல்களாக்கினார்கள். உறைபனிக் காலத்தில் பிள்ளைகளைக் கம்பளிப் பைக்குள் அமர்த்தி, காலடியில் சூடாக்கிய கல்லை வைத்துப் பாடம் நடத்தினார்கள். 1918இல் பெருங்காய்ச்சல் உலகை உலுக்கியபோது, நியூயார்க் நகரம் பள்ளிகளை மூடவில்லை. நெருக்கடியான குடியிருப்பைவிடக் காற்றோட்டமான வகுப்பறை நல்லதென்றும், அங்கே மருத்துவரும் செவிலியரும் பிள்ளையைப் பார்ப்பார்கள் என்றும் கருதினார் அந்நகரின் நலத்துறைத் தலைவர் கோப்லாண்ட். 2020 ஏப்ரல் 15இல் டென்மார்க் சின்னஞ்சிறு பிள்ளைகளை முதலில் அழைத்தது; சிறு சிறு குழுவாகப் பிரித்தது; இயன்றபோதெல்லாம் வெளியில் பாடம் நடத்தியது.

பனியில் உறையும் நாடே திறந்த வெளியைத் தேடியபோது, வேப்பமர நிழல் உள்ள நமக்கு என்ன தடை?

இங்கும் நல்லது நடந்தது. 2021 செப்டம்பர் 1இல் ஒன்பதாம் வகுப்பு முதல் திறந்தபோது, அறைக்கு இருபது பேர் என்று வகுத்தார்கள். அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஆயிரமாயிரம் தன்னார்வலர்கள் மாலையில் தெருத் திண்ணைகளை வகுப்பறையாக்கினார்கள். இயலும் என்பதற்கு அது சான்று. இன்னும் முன்பே இயன்றிருக்கும் என்பதற்கும் அதுவே சான்று!

'முடிந்த கதையை ஏன் பேசுகிறாய்? 2023 மே 5இல் உலக அவசரநிலையே நீங்கிற்றே' என்பீர்கள். அடுத்த நோய் ஓலை அனுப்பிவிட்டா வரும்? ஆகவே இன்றே கேட்போம். எதிரெதிர்ச் சன்னல் இல்லாத வகுப்பறை இனி எழும்பக் கூடாது. துருப்பிடித்து மூடிக் கிடக்கும் சன்னல் இந்த வாரமே திறக்கப்படவேண்டும். பள்ளிக்கு வந்துபோகும் செவிலியர் வேண்டும். தடுப்பூசி வந்தால், ஆசிரியர் முன்வரிசையில் நிற்கவேண்டும். மூடுவதென்றால் பள்ளி கடைசி. திறப்பதென்றால் பள்ளி முதல்!

இன்னொன்று. கதவைத் திறந்தால் போதாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் பலகையில் ஆள் இல்லாத பிள்ளை எங்கே? செங்கற் சூளையிலா, திருமண வீட்டிலா? தேடிச் செல்லுங்கள், கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.

நாடகத்தில் திரை விழுந்தால் அடுத்த காட்சிக்கு எழும். குழந்தைப் பருவத்தின் திரை ஒருமுறைதான் எழுகிறது. என்னைத் தேடி அன்று எவரும் வரவில்லை. அந்தப் பிள்ளையைத் தேடி நாம் போவோம்!